ஜான் சீனா குழந்தைகளுக்கு, ஆஸ்டின் இளைஞர்களுக்கு, காலி நமக்கா?

அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஈ பற்றி ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: ஜான் சீனாவைக் குழந்தைகளுக்காகவும், ஸ்டோன் கோல்ட் ஆஸ்டினை இளைஞர்களுக்காகவும், கிரேட் காலியை இந்தியர்களுக்காகவும் திட்டம் போட்டுத்தான் உருவாக்கினார்களா, இல்லை அதுவாக அமைந்ததா?

பெரும்பாலும் திட்டம் போட்டுத்தான். ஆனால் "ரசிகர்களுக்காக" என்று பொதுவாகச் சொன்னால் விஷயம் பிடிபடாது. கம்பெனிக்கு அந்தந்தக் காலத்தில் காசு எந்த வழியாக வந்தது என்று பார்த்தால், எந்த மாதிரி ஹீரோ வந்திருப்பார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அந்த ஹீரோ நிலைத்தாரா என்பது வேறு கதை. அது கூட்டத்தின் கையில் இருக்கிறது. கம்பெனி எவ்வளவு தலைகீழாக நின்றாலும் கூட்டம் ஒத்துக்கொள்ளாத கேரக்டர் நின்றதில்லை.

1960, 70களில் அமெரிக்க ரெஸ்லிங் ஒரே கம்பெனியின் கையில் இல்லை. நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு முதலாளி தன் எல்லைக்குள் நிகழ்ச்சி நடத்தினார். வாசலில் விற்கும் டிக்கெட்தான் முக்கிய வருமானம். உள்ளூர் டிவியில் வந்தது அந்த டிக்கெட்டை விற்பதற்கான விளம்பரம், அவ்வளவுதான். அதனால் அந்த ஊரில் எந்தச் சமூகம் அதிகம் டிக்கெட் வாங்கும் என்பதே முதல் கணக்கு.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய டபிள்யூடபிள்யூஈயின் பாட்டன் கம்பெனி அங்கேதான் இருந்தது. 1963 மே மாதம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பட்டி ராஜர்ஸை 48 நொடியில் வீழ்த்தி சாம்பியன் ஆனார் புரூனோ சம்மார்டினோ. இத்தாலியில் பிறந்து, போருக்குப் பிறகு அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அந்த வட்டாரம் முழுக்க இத்தாலியக் குடும்பங்கள். 1971 ஜனவரி வரை, ஏழரை வருஷத்துக்கும் மேல், பெல்ட் அவரிடமே இருந்தது. அடுத்த பெரிய ஹீரோ பெட்ரோ மொராலெஸ். இவர் போர்ட்டோ ரிக்கோக்காரர், டிவியில் தன் மக்களிடம் ஸ்பானிஷிலேயே பேசுவார். நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்கள்தொகை பெருகியிருந்த காலம் அது.

ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவு செய்த கதை. சரி, பெல்ட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படி மாற்றுவது? மொராலெஸ் நேரடியாக சம்மார்டினோவை வீழ்த்தினால் அரங்கில் பாதிப் பேருக்கு வயிறு எரியும். அதனால் நடுவில் ஒரு வில்லன் வந்தார். "ரஷ்யன்" ஐவன் கோலோஃப் சம்மார்டினோவை வீழ்த்தினார், 21 நாளில் மொராலெஸ் கோலோஃபை வீழ்த்தினார். இரண்டு சமூகத்துக்கும் ஹீரோ உண்டு, இரண்டு பேருக்கும் பொதுவாக வெறுக்க ஓர் ஆள் உண்டு. அடுத்த வருஷம் ஷே ஸ்டேடியத்தில் அந்த இரண்டு ஹீரோக்களும் மோதத்தான் செய்தார்கள். 75 நிமிஷம் போனது, முடிவு டிரா. வேறு என்ன முடிவு சொல்ல முடியும்!

கோலோஃபின் நிஜ ஊர் கனடா என்பதைச் சொல்ல வேண்டும். ரெஸ்லிங்கில் ஒருவர் நிஜத்தில் எங்கே பிறந்தார் என்பது பெரிய விஷயமில்லை, கூட்டத்துக்கு யாராகத் தெரிகிறார் என்பதுதான் விஷயம். 1954-இல் ஜப்பானில் ரிக்கிடோசான் "அமெரிக்க" ஷார்ப் சகோதரர்களைக் கராத்தே வெட்டு வெட்டியபோது, தெருவில் வைத்திருந்த டிவி பெட்டிகளின் முன்னால் ஜனம் முண்டியடித்தது. போரில் தோற்று ஒன்பது வருஷம்கூட ஆகாத நாடு அது. அந்த ஷார்ப் சகோதரர்களும் கனடாக்காரர்கள். ஜப்பானின் மானம் காத்த ரிக்கிடோசானோ கொரியாவில் பிறந்தவர். அதை அப்போது வெளியே சொல்லவில்லை.

ஒரு சமூகத்தைக் குறிவைத்து உருவாக்கிய ஹீரோக்களில் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது ஜங்க்யார்ட் டாக். நிஜப் பெயர் சில்வெஸ்டர் ரிட்டர். 1980 வாக்கில் லூசியானா, மிசிசிப்பி பக்கம் மிட்-சவுத் என்ற கம்பெனியை நடத்தியவர் பில் வாட்ஸ் என்ற வெள்ளைக்காரர். நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் பெருமளவு டிக்கெட் வாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அமெரிக்கத் தெற்கில் அதற்கு முன்பும் கறுப்பின மல்லர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு வட்டாரத்தின் முதல் ஹீரோவாக ஒருவரை நிறுத்தி, மொத்த வியாபாரத்தையும் அவர் தோளில் ஏற்றியது அங்கே புதுசு. வாட்ஸ் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். வில்லன்கள் சூழ்ந்து அடிக்கும்போது வெள்ளைக்கார ஹீரோ ஒருவர் ஓடிவந்து ஜங்க்யார்ட் டாகைக் காப்பாற்றும் காட்சி வரவே கூடாது. அவர் தானே எழுந்து, தானே திருப்பி அடிக்க வேண்டும்.

1980-இல் நடந்த கதை இன்றும் பேசப்படும். ஃப்ரீபேர்ட்ஸ் என்ற வில்லன் கும்பல் தலைமுடி நீக்கும் களிம்பை அவர் கண்ணில் பூசிவிட்டது, பார்வை போய்விட்டது என்று கதை. அந்தச் சமயம் அவருக்கு நிஜமாகவே மகள் பிறந்திருந்தாள். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாத அப்பா என்று அதையும் கதையில் சேர்த்தார்கள். கடைசியில் ஆகஸ்ட் மாதம் சூப்பர்டோம் அரங்கில், கூண்டுக்குள், மைக்கேல் ஹேஸ் கழுத்தோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டு மோதினார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ரெஸ்லிங் ரசிகர்கள் ஏமாளிகள், அதனால் நம்பினார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தங்களில் ஒருவர் யாருடைய தயவும் இல்லாமல் ஜெயிப்பதைப் பார்க்க, கதை என்று தெரிந்தும் டிக்கெட் வாங்கலாம்தானே?

1984-இல் அவர் டபிள்யூடபிள்யூஎஃப்புக்கு (இன்றைய டபிள்யூடபிள்யூஈயின் அன்றைய பெயர்) போய்விட்டார். வாட்ஸ் அந்த இடத்துக்கு வேறு கறுப்பின மல்லர்களை அடுத்தடுத்துக் கொண்டுவந்து பார்த்தார், ஒருவரும் எடுபடவில்லை. இன்னொரு பக்கம், போன இடத்தில் ஜங்க்யார்ட் டாக் வேறு ஆளாகிவிட்டார். குழந்தைகளை ரிங்குக்குள் ஏற்றி அவர்களோடு டான்ஸ் ஆடும் ஜாலியான மாமா. அதே மனிதர், அதே பெயர், அதே சங்கிலி. ரசிகர் மாறியதும் கேரக்டரின் உள்ளே இருந்த சரக்கு மாறிவிட்டது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் புதிய கம்பெனியின் வருமானம் வேறு வகை. அதன் முதலாளி வின்ஸ் மெக்மஹன் ஜூனியர் வட்டார எல்லைகளை உடைத்து நாடு முழுக்கப் போனார். எந்த ஒரு சமூகத்தின் ஹீரோவும் அமெரிக்கா முழுக்கச் செல்லுபடியாக மாட்டார். ஆனால் குழந்தைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், பொம்மைக்கு மொழியும் இனமும் தடையில்லை. 1984 ஜனவரியில் சாம்பியன் ஆன ஹல்க் ஹோகன் இதற்கென்றே அளவெடுத்த ஆள். உடற்பயிற்சி செய், சாமி கும்பிடு, வைட்டமின் சாப்பிடு என்று மைக்கில் உபதேசம். ரப்பர் பொம்மைகள், 1985-இல் சிபிஎஸ் சேனலில் சனிக்கிழமைக் கார்ட்டூன். இதையே நீட்டிக்கொண்டுபோய் 90களின் நடுவில் ஆளுக்கொரு தொழில் கொடுத்தார்கள்: வருமான வரி அதிகாரி, கோமாளி, குப்பை லாரிக்காரர், பிளம்பர், பல் டாக்டர். குழந்தைக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டும் என்ற எண்ணம். குழந்தைக்கே போரடித்ததுதான் மிச்சம். அந்தப் பல் டாக்டர் யார் தெரியுமா? இரண்டே வருஷத்தில் முகமூடி போட்டுக்கொண்டு அண்டர்டேக்கரின் தம்பியாக வந்த கேன்.

ஹீரோவைப் பற்றியே பேசுகிறோம். என்னைக் கேட்டால் வில்லனைத்தான் இன்னும் நுணுக்கமாகச் செதுக்குவார்கள். கூட்டம் அந்த வருஷம் எதை நினைத்துப் பயப்படுகிறது, யார் மேல் கோபமாக இருக்கிறது என்று நாளிதழ் பார்த்தே எழுதிவிடலாம். ஹோகன் வீழ்த்திய அயர்ன் ஷேக் ஈரானியர். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்களைப் பணயக் கைதிகளாகப் பிடித்துவைத்திருந்த விவகாரம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இந்த ஷேக் நிஜ வாழ்க்கையில் 1972-இல் அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்த அணிக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தவர்!

வளைகுடாப் போர் வந்தபோது இன்னும் விசித்திரம். சார்ஜென்ட் ஸ்லாட்டர் என்பவர் அமெரிக்க ராணுவ வீரன் கேரக்டர், ஜி.ஐ. ஜோ பொம்மையாகக்கூட விற்றவர். அவரைத் துரோகியாக்கி ஈராக் பக்கம் சேர்த்தார்கள். 1991 ஜனவரி 17 அன்று ஈராக் மேல் குண்டுவீச்சு தொடங்கியது. ஜனவரி 19 அன்று ஸ்லாட்டர் சாம்பியன் ஆனார். பின்பு அதே அயர்ன் ஷேக்கை "கர்னல் முஸ்தஃபா" என்று பெயர் மாற்றி அவர் பக்கத்தில் ஈராக்கியராக நிறுத்தினார்கள். ஈரானும் ஈராக்கும் எட்டு வருஷம் ரத்தம் சிந்தி அடித்துக்கொண்ட நாடுகள் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவை அந்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸின் பிரம்மாண்டமான கொலிசியம் மைதானத்தில் நடத்துவதாக இருந்தார்கள். கடைசியில் பக்கத்து உள்ளரங்கத்துக்கு மாற்றினார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள், டிக்கெட் போகவில்லை என்று நம்புகிறவர்கள்தான் அதிகம். நிஜ வீரர்கள் போர்க்களத்தில் இருக்கும்போது அந்தக் கோபத்தை விற்பது பலருக்கு அருவருப்பாகவே இருந்தது.

அதிலிருந்து பாடம் எதுவும் படித்ததாகத் தெரியவில்லை. 2004 கடைசியில் முகமது ஹசன் வந்தார். 2001 தாக்குதலுக்குப் பிறகு அரபு அமெரிக்கர்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று நியாயமான குறையைச் சொல்லும் கேரக்டர். நடித்தவர் இத்தாலிய வம்சாவளி. மைக்கில் அவர் பேசியதை எழுத்தில் படித்தால் தலையாட்டுவீர்கள், ஆனால் அரங்கில் கூச்சல் கிளம்பும். அந்த முரண்தான் அந்தக் கேரக்டரின் பலம், அதோடு விட்டிருக்கலாம். 2005 ஜூலை 4 அன்று பதிவு செய்த நிகழ்ச்சியில் முகமூடி ஆட்கள் வந்து அண்டர்டேக்கரைக் கம்பியால் கழுத்தை நெரிக்கும் காட்சி வைத்தார்கள். அது ஒளிபரப்பான ஜூலை 7 காலையில்தான் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்திருந்தது. சேனல் கொதித்தது, அந்த மாதமே கேரக்டரை முடித்துவிட்டார்கள். இங்கே ரசிகர் வெறுத்ததால் கேரக்டர் போகவில்லை. காசு கொடுக்கும் சேனல் முகம் சுளித்தது, அதனால் போனது.

இனி ஆஸ்டின். 1996-இல் போட்டிக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூவில் ஹோகனே வில்லனாகி, என்டபிள்யூஓ என்ற கும்பலோடு இளைஞர் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனார். ஹோகனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அப்போது வேலைக்குப் போகும் வயது. இளம் ஆண்களின் ரேட்டிங் இருந்தால்தான் கேபிள் விளம்பரம். அதற்குப் பொருந்தியவர் ஆஸ்டின்: மொட்டைத் தலை, கறுப்பு டி-ஷர்ட், பீர் கேன், முதலாளியை அடிக்கும் தொழிலாளி. முதலாளியாக வந்தவர் நிஜ முதலாளி வின்ஸ் மெக்மஹன். மேனேஜரை ஒரு அறை விட வேண்டும் என்று திங்கள்கிழமை முழுக்க ஆசைப்பட்டவன், ராத்திரி டிவியில் அது நடப்பதைப் பார்த்தான். இதை யாரும் ஆராய்ச்சி செய்து உட்கார்ந்து எழுதவில்லை. ஆஸ்டின் வில்லனாகத்தான் இருந்தார், கூட்டம் கேட்காமல் கைதட்ட ஆரம்பித்தது. கம்பெனி அதைக் கவனித்துப் பின்னால் போனது. கைதட்டலுக்கு விலையும் இருந்தது: ஆபாசமும் வன்முறையும் ஏறியதால் 1999-இல் கோகோ கோலா தன் விளம்பரத்தை எடுத்துக்கொண்டது.

ஆனால் ரசிகர் பிரிவுகளைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்பவர் அவசியம் பார்க்க வேண்டியது 1997-இன் பிரெட் ஹார்ட். மார்ச் மாதம் ரெஸில்மேனியா 13-இல் ஆஸ்டினும் அவரும் மோதினார்கள். ஆஸ்டின் ரத்தம் வழிய, விட்டுக்கொடுக்காமல், பிடியிலேயே மயங்கினார். உள்ளே வில்லனாக வந்தவர் ஹீரோவாக வெளியே போனார், ஹீரோவாக வந்த பிரெட் வில்லன் ஆனார். இதுவரை சரி. அதற்கப்புறம் செய்ததுதான் அபாரம். பிரெட் தன் குணத்தை மாற்றவே இல்லை. நான் ஒழுக்கமானவன், நீங்கள்தான் கெட்டுப்போய் ஒரு ரவுடிக்குக் கைதட்டுகிறீர்கள் என்று அமெரிக்கர்களைத் திட்டினார். எங்கள் கனடாவில் ஏழைக்கும் வைத்தியம் கிடைக்கிறது, ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதில்லை என்றார். அமெரிக்க அரங்கம் காறித் துப்பியது. அதே பேச்சு எல்லை தாண்டியதும் தேசபக்திப் பேச்சு. ஜூலை 6 அன்று கால்கரியில், அவர் சொந்த ஊரில், பிரெட்டின் அணி நுழைந்தபோது எழுந்த சத்தத்தைத் தேடிக் கேளுங்கள். அணியில் இரண்டு பேர் அமெரிக்கர்கள், ஒருவர் ஆங்கிலேயர். அவர்களுக்கும் அதே வரவேற்பு. அமெரிக்காவின் செல்லப்பிள்ளை ஆஸ்டினுக்கு அங்கே கிடைத்தது வசவு.

ஒரே வசனம், ஒரே நாளில் ஒரே டிவியில், இரண்டு ரசிகர் கூட்டத்துக்கு இரண்டு அர்த்தம். தனித்தனியாக இரண்டு கேரக்டர் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஆனால் கனடாவின் ஹீரோ என்ற வேஷம் பிரெட்டுக்கு வேஷமாக மட்டும் இருக்கவில்லை. நவம்பரில் அவர் கம்பெனியை விட்டுப் போகிறார் என்று முடிவானபோது, கனடா மண்ணில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்று நின்றார். மான்ட்ரியாலில் அவருக்குத் தெரியாமலே மணியடித்து முடித்துவிட்டார்கள். இன்றுவரை அதைப் பற்றி ஆட்கள் சண்டை போடுகிறார்கள்.

ஜான் சீனாவுக்கு வருவோம். 2002-இல் வந்த புதிதில் அவர் குழந்தைகளுக்கான ஆள் இல்லை, சில மாதத்திலேயே வாய்க்கு வந்தபடி ராப் பாடி மற்றவர்களைக் கிண்டலடிக்கும் வில்லன் ஆனார். 2005-இல் சாம்பியன், பிறகு மெல்ல மெல்ல வண்ண டி-ஷர்ட்டும் தொப்பியும் மணிக்கட்டுப் பட்டையும் என மாறினார். 2008-இல் கம்பெனி நிகழ்ச்சியையே குடும்பத்தோடு பார்க்கும் தரத்துக்கு மாற்றியது. 2010 முதல் பொம்மை ஒப்பந்தம் மேட்டலிடம் போனது. வளர்ந்த ஆண்களுக்கு இது பிடிக்கவில்லை. 2006-லேயே நியூயார்க்கின் ஹாமர்ஸ்டைன் பால்ரூமில், சீனா ஜெயித்தால் கலவரம் வெடிக்கும் என்று எழுதிய பதாகையோடு வந்தார்கள். அப்புறம் வருஷக்கணக்கில் ஒவ்வொரு ஊரிலும் அந்த இரட்டைக் கோஷம்: குழந்தைகளும் பெண்களும் கீச்சுக் குரலில் "லெட்ஸ் கோ சீனா" என்பார்கள், ஆண்கள் கட்டைக் குரலில் "சீனா சக்ஸ்" என்பார்கள். அரங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காதாலேயே எடுத்துவிடலாம். திட்டுகிறவனும் டிக்கெட் வாங்கித்தான் திட்டினான் என்பதால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. மேக்-எ-விஷ் அமைப்பு மூலம் 650-க்கும் மேற்பட்ட நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றிய மனிதரை வில்லனாக்க யாருக்கும் கை வரவில்லை. 2025-இல், ஓய்வு பெறும் வருஷத்தில்தான் துணிந்தார்கள். அதையும் சில மாதத்திலேயே திருப்பிவிட்டார்கள்.

இடையில் எடி கெரெரோவைச் சொல்லாமல் போனால் பாவம். "பொய் சொல்வேன், ஏமாற்றுவேன், திருடுவேன்" என்பதுதான் அவருடைய கோஷம். மெக்சிகோ வம்சாவளியினரைப் பற்றி அமெரிக்காவில் புழங்கிய கேவலமான எண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்ட வேஷம். எடி அதைக் குறும்பாக மாற்றினார். அந்த மக்களே அவரைத் தலையில் தூக்கிவைத்தார்கள், 2004 பிப்ரவரியில் அவர் சாம்பியன் ஆனபோது அரங்கமே அழுதது. காகிதத்தில் பார்த்தால் அவமானமாகத் தெரிந்த கேரக்டர் அது.

காகிதத்தில் கச்சிதமாகத் தெரிந்து, அரங்கில் படுத்துவிட்டதற்கு உதாரணம் நம் பக்கத்துக் கதை. காலி இமாச்சலத்துக்காரர், பஞ்சாப் போலீஸில் இருந்தவர். 2006-இல் வந்தபோது அவர் இந்தியர்களுக்கான ஹீரோ இல்லை, அமெரிக்கர்களைப் பயமுறுத்தும் ராட்சசன். அவருக்காகப் பேச ஒரு மேனேஜர் வேறு. 2007-இல் அவருக்குப் பெல்ட்டைக் கொடுத்தார்கள். இந்தியச் சந்தைக்காகவே தொடக்கம் முதல் கணக்குப் போட்டுச் செய்தது ஜிண்டர் மஹால். கனடாவின் கால்கரியில் பிறந்த பஞ்சாபி. அதுவரை எல்லோரிடமும் தோற்றுக்கொண்டிருந்தவரை, 2017 மே 21 அன்று ராண்டி ஆர்டனை வீழ்த்த வைத்து சாம்பியன் ஆக்கினார்கள். பஞ்சாபியில் பேசினார், தலைப்பாகையோடு வந்தார். அமெரிக்கா திட்ட வேண்டும், இந்தியா கொண்டாட வேண்டும். பிரெட் ஹார்ட் சூத்திரமேதான். ஒரே வித்தியாசம், கால்கரி ஜனம் பிரெட்டைப் பல வருஷமாக நேசித்தது. ஜிண்டரை இந்தியா நேசிக்க வேண்டும் என்று கம்பெனி மேலிருந்து முடிவு செய்தது.

இந்தியா என்றால் ஒரே ரசிகர் கூட்டம் என்று நினைத்ததும் ஒரு கோளாறு. சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் பையனுக்கு ஜிண்டரின் பஞ்சாபியும் ஒன்றுதான், ராக்கின் இங்கிலீஷும் ஒன்றுதான். 90களில் இங்கே டபிள்யூடபிள்யூஎஃப் பரவியது பாதி டிவியால், பாதி கார்டு விளையாட்டால். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று எண்களைச் சொல்லி ஒருவன் கார்டை ஒருவன் பிடுங்கும் ஆட்டம். கதை புரிய வேண்டிய தேவையே இல்லை. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று தெருத்தெருவாகச் சத்தியம் செய்து பேசினோம். விளக்கு அணைகிறது, மணி அடிக்கிறது, நெட்டையாக ஒருவர் மெதுவாக நடந்து வருகிறார்; இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. யாரையும் தனியாகக் குறிவைக்காத கேரக்டர்கள்தான் நம் ஊர் வரை வந்து சேர்ந்தன.

ஜிண்டரிடம் பெல்ட் 170 நாள் இருந்தது. நவம்பரில், இந்தியப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் தோற்க வைத்துவிட்டார்கள். டெல்லியில் இரண்டு நாள் நடப்பதாக இருந்த நிகழ்ச்சியை ஒரே நாளாகக் குறைத்தார்கள். அந்த மேடையில் ஜிண்டருக்கு முதலில் கெவின் ஓவன்ஸ் எதிராளி என்று அறிவித்திருந்தார்கள், அதை மாற்றி நம் ஆட்களுக்குக் கார்டு காலத்திலிருந்தே தெரிந்த ட்ரிபிள் எச்சை இறக்கினார்கள். 2017 டிசம்பர் 9 அன்று டெல்லியில் ஜெயித்ததும் அவர்தான்.